ஓர் அறை, பல கலைகள்

ஆண்டவர் இயேசு தம் சீடரோடு பாஸ்கா விருந்துண்டது ஒரு மேலறையில். அங்கேதான் அவர்களுடைய பாதங்களைக் கழுவினார், நற்கருணையை ஏற்படுத்தினார். அன்னை மரியாளும் அப்போஸ்தலரும் தூய ஆவியாரை எதிர்நோக்கிச் செபித்திருந்ததும் அதே அறையில்தான் என்பது மரபு. அறை ஒன்று, அங்கு நிகழ்ந்த அருஞ்செயல்களோ பல.

நம் முன்னோரின் திண்ணையும் அத்தகையதே. பகலில் அது பள்ளிக்கூடம். வழிப்போக்கருக்கு இளைப்பாறும் இடம். இரவில் கதை கேட்கும் மன்றம். திண்ணை மாறவில்லை, விரித்த பாய்தான் மாறிற்று.

இன்று ஆலயத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் அறை பல பங்குகளில் உண்டு. உடைந்த நாற்காலிகளும், பழுதான ஒலிபெருக்கியும், சென்ற ஆண்டுக் குடிலின் வைக்கோலுமே அதில் குடியிருக்கின்றன. அதே வேளையில், கடலூர்க் கடற்கரைக் குடியிருப்பிலும் சிதம்பரத்தைச் சூழ்ந்த வயலோரச் சிற்றூர்களிலும், ஒற்றை அறை வீட்டில் வாழும் சிறுமிக்கு ஓவியத் தாளை விரிக்க இடமில்லை. இடமின்மையால் அவள் வரைவதையே விட்டுவிடுகிறாள். இறைவன் அளித்த தாலந்து இவ்வாறு மண்ணில் புதைவது நமக்கு அடுக்குமா?

சிதம்பரம் கலை வளர்த்த ஊர். தில்லைக் கோயிற் கோபுரத்தில் 108 நாட்டியக் கரணங்கள் கல்லில் பேசுகின்றன. 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைக்கு ஆற்றிய தொண்டு நாடறிந்தது. திருச்சியில் 1977-இல் தந்தை எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, நம் திருச்சபையும் கலைக்குத் தாயாகலாம் என்று காட்டிற்று. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1999-இல் கலைஞர்களுக்கெனத் தனி மடலே வரைந்தார். எனவே அந்தப் பூட்டிய அறையைக் கலைக்கூடமாக்குவது புதுமையன்று, நம் கடமையே.

12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள அறையே போதும்.

நடுவிடம் வெறுமையாயிருக்கட்டும். சிமெண்டு மேடை கட்ட வேண்டா. அது நாடகத்துக்கு மட்டும் உதவி, மற்ற நாளெல்லாம் இடத்தை அடைக்கும். ஒன்றரை அடி உயரமுள்ள உறுதியான மரப்பெட்டிகள் எட்டுச் செய்துகொள்ளலாம். தனித்தனியே வைத்தால் இருக்கை. சேர்த்து வைத்தால் மேடை. உள்ளே வண்ணங்களும் தாள்களும். மேசைப் பலகைகளைச் சுவரில் கீல் வைத்துப் பொருத்தினால், தையலுக்கும் ஓவியத்துக்கும் விரிக்கலாம். பாடற்பயிற்சி வேளையில் மடக்கிவிடலாம்.

ஓவியம் வரைவோர்க்கு வடக்குச் சன்னலின் வெளிச்சமே நலம். அது கண்ணைக் கூசச் செய்யாது. மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டி போதும். வெற்றுச் சுவர் குரலை எதிரொலித்துக் கெடுக்கும். தடித்த பருத்தித் திரையும், கோரைப்பாயும், நிறைந்த புத்தக அலமாரியும் அதனைத் தணிக்கும். பாடலைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

நம் மண்ணின் இயல்பையும் மறத்தலாகாது. கடலூரின் உப்புக்காற்று இரும்புக் கீல்களைத் தின்றுவிடும். பித்தளைக் கீலே நிலைக்கும். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலும், 2015-இன் பெருவெள்ளமும் நமக்குப் பாடம். ஆதலின் மின்செருகிகளைத் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் அமைத்திடுக. இசைக்கருவிகளும் தாள்களும் மேல்தட்டிலேயே இருக்கட்டும். வெள்ளக் காலத்தில் அந்த அறையே சில குடும்பங்களுக்குப் புகலிடமாகும். நடுவிடம் வெறுமையாயிருப்பதன் பயன் அன்று விளங்கும்.

எனினும், அறையை ஆக்குவது மரமும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, சாவியும்தான். அது ஒருவர் இடுப்பிலேயே தொங்கினால் அறை மீண்டும் கிடங்காகும். இன்ன நாள் பாடகர் குழுவுக்கு, இன்ன நாள் மறைக்கல்விச் சிறுவர்க்கு, இன்ன நாள் தாய்மார்க்கு என்று கால அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டுக. இருட்டுமுன் வீடு திரும்பும் வகையில் சிறுமியர்க்கு மாலையின் முதல் நேரத்தை ஒதுக்குக. பிற சமயத்துப் பிள்ளைகளுக்கும் வாயில் திறந்திருக்கட்டும்.

அன்புக் குடும்பங்களே, வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உங்கள் பங்குத் தந்தையோடு சென்று அந்தப் பூட்டைத் திறந்து பாருங்கள். தச்சர் ஒருவரும், துடைப்பம் ஏந்திய இளைஞர் நால்வரும் உடன்வந்தால் தொடங்கிவிடலாம்.