கோபுரம் போச்சு! படகு போச்சு! படங்கள் மட்டும் மிஞ்சின!

கடற்கரையில் ஒரு சிமெண்டுத் தரை. அதன் மேல் ஒரு பெண் குப்புறப் படுத்து வெயில் காய்கிறாள். அருகில் அவள் குழந்தை. அவளை ஒட்டினாற்போல் மண் அள்ளும் ராட்சத எந்திரம் ஒன்று நிற்கிறது!

இப்படி ஒரு போட்டோ. இதை எடுத்தவர் மார்ட்டின் பார் என்ற ஆங்கிலேயர். இடம், இங்கிலாந்தில் உள்ள நியூ பிரைட்டன்.

ஒரு காலத்தில் ஓகோ என்று வாழ்ந்த ஊர் அது!

வியாபாரியின் ஆசை

மெர்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது நியூ பிரைட்டன். ஆற்றின் எதிர்க்கரையில் லிவர்பூல் துறைமுகம்.

1830-ம் ஆண்டில் ஜேம்ஸ் ஆதர்டன் என்ற லிவர்பூல் வியாபாரி இங்கே நிலம் வாங்கினார். இங்கிலாந்தின் தென்கோடியில் பிரைட்டன் என்ற கடற்கரை நகரம் இருக்கிறது. சீமான்கள் ஓய்வு எடுக்கும் ஊர் அது. அதைப்போல் இங்கும் ஓர் ஊர் அமைக்க ஆசைப்பட்டார். "புதிய பிரைட்டன்" என்று பொருள்படும்படி பெயரும் வைத்தார்.

சீமான்கள் வந்தார்கள். அவர்களை விட அதிகமாக ஏழைத் தொழிலாளிகள் வந்தார்கள்! லிவர்பூலில் படகு ஏறினால் போதும். கடற்கரையில் வந்து இறங்கி விடலாம்.

567 அடி கோபுரம்

பாரிஸ் நகரின் ஈபில் கோபுரத்தைப் போல, இங்கும் ஓர் இரும்புக் கோபுரம் எழுந்தது. 1900-ம் ஆண்டு வாக்கில் வேலை முடிந்தது. உயரம் 567 அடி! பிளாக்பூல் நகரின் புகழ்பெற்ற கோபுரம் கூட இதை விடக் குட்டைதான்.

ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. 1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. கோபுரத்தைக் கவனிப்பார் இல்லை. இரும்பு துருப்பிடித்தது. 1919-ல் பிரிக்கத் தொடங்கி, 1921-க்குள் அடியோடு அகற்றி விட்டார்கள்.

கோபுரத்தின் அடியில் இருந்த நடன மண்டபம் மட்டும் தப்பியது. உலகப் புகழ் பெற்ற "பீட்டில்ஸ்" பாட்டுக்குழு, 1961 முதல் 1963 வரை அங்கே பல முறை பாடியது. 1969-ல் அந்த மண்டபமும் தீக்கு இரையானது.

கூட்டம் எங்கே போனது?

அதற்குள் காலம் மாறி விட்டது. குறைந்த செலவில் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போகும் வசதி வந்தது. அங்கே மழை பயம் இல்லை. நாள் முழுவதும் வெயில்! வசதி உள்ளவர்கள் அங்கே பறந்தார்கள்.

1971-ல் லிவர்பூல் படகும் நின்றது. லிவர்பூலிலோ வேலை இல்லாத் திண்டாட்டம்.

ஆனாலும் கையில் காசு குறைந்தவர்கள் நியூ பிரைட்டனை விட்டு விடவில்லை. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

கலரில் பிடித்தார்

1982-ல் மார்ட்டின் பார் அந்தப் பக்கம் குடி வந்தார். 1983 முதல் 1985 வரை நியூ பிரைட்டனைப் படம் பிடித்தார்.

அதுவரை இப்படிப்பட்ட படங்களைப் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையில்தான் எடுப்பார்கள். அவரோ பளிச்சென்ற கலரில் எடுத்தார். பட்டப்பகலிலும் "பிளாஷ்" விளக்கைப் போட்டார்.

நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி. அதன் அருகே மீன் வறுவல் தின்னும் மக்கள். ஐஸ்கிரீம் உருகி முகமெல்லாம் வழிய நிற்கும் குழந்தைகள். எல்லாவற்றையும் எடுத்தார்.

1986-ல் படங்கள் புத்தகமாக வந்தன. பெயர் "தி லாஸ்ட் ரிசார்ட்". "கடைசி உல்லாசத் தலம்" என்றும் பொருள் கொள்ளலாம். "வேறு கதி இல்லை" என்றும் பொருள் கொள்ளலாம்!

கேலியா? உண்மையா?

படங்களை லிவர்பூலில் காட்டியபோது யாரும் திடுக்கிடவில்லை. அவர்கள் தினமும் பார்க்கும் காட்சிதானே! லண்டனில் காட்டியபோதுதான் புயல் கிளம்பியது. "ஏழைகளைக் கேலி செய்கிறார்" என்று சிலர் சீறினார்கள். "உள்ளதை உள்ளபடி காட்டுகிறார்" என்று வேறு சிலர் வாதாடினார்கள்.

படங்களில் குப்பை இருக்கிறது, உண்மைதான். ஆனால் குப்பைக்கு நடுவே குடும்பமும் இருக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாய் இருக்கிறாள். "ஊர் பாழானால் என்ன? இன்று ஞாயிற்றுக்கிழமை! பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பதைப் போல் இருக்கிறது!

ஊருக்கே திரும்பின

1934-ல் திறந்த பெரிய நீச்சல் குளம் நியூ பிரைட்டனின் பெருமையாக இருந்தது. 1990-ல் வீசிய புயலில் அதுவும் சேதம் அடைந்தது, பிறகு இடிக்கப்பட்டது. 2011-ல் கடற்கரையில் புதிய கடைகளும் சினிமா தியேட்டரும் வந்தன. ஊர் மெல்ல எழுந்தது.

2018-ல் நியூ பிரைட்டனிலேயே ஒரு கண்காட்சி நடந்தது. அதே ஊரைப் படம் எடுத்த டாம் உட், கென் கிராண்ட் ஆகியோரின் படங்களும் மார்ட்டின் பாரின் படங்களோடு சேர்ந்து இடம் பெற்றன.

மார்ட்டின் பார் 2025-ம் ஆண்டு டிசம்பரில் காலமானார்.

கோபுரம் இன்று இல்லை. நடன மண்டபம் இல்லை. நீச்சல் குளம் இல்லை. ஐஸ்கிரீம் வழிய நின்ற குழந்தைகளுக்கு இன்று நாற்பது வயது தாண்டி இருக்கும். படத்தில் மட்டும் அவர்கள் இன்னும் குழந்தைகள்தான். ஐஸ்கிரீம் இன்னும் உருகிக்கொண்டே இருக்கிறது!