படம் போட்டது நான். வரி கட்டியது அவர்!

எங்கள் வீட்டில் பால் கணக்கு உண்டு. சலவைக் கணக்கு உண்டு. பேப்பர்காரர் வராத நாளுக்குக் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி கூட உண்டு. எல்லாம் என் மாமியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஆனால் பன்னிரண்டு வருஷமாக நான் வரைந்து விற்ற தஞ்சாவூர்ப் படங்களுக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் கூடக் கணக்கு இருந்ததில்லை. "அது என்ன பெரிய வியாபாரமா, மத்தியானம் தூங்காமல் செய்கிற வேலைதானே" என்று நானே நினைத்துக் கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலை சுமார் பதினைந்தாயிரம் ரூபாய்! வீட்டிலிருந்தபடியே வரைகிற, பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற, கல்யாண வீடுகளுக்குக் கோலம் போட்டுக் கொடுக்கிற சகோதரிகளுக்குப் பிரயோஜனப்படுமே என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறோம். மாடி வீட்டு மாமியிடம் தஞ்சாவூர்ப் படம் கற்றுக் கொண்டேன். முதலில் சொந்தக்காரர்களின் கிருகப்பிரவேசத்துக்கு, பிறகு அவர்கள் சொல்லி மற்றவர்களுக்கு என்று வருஷத்துக்குப் பதினைந்து இருபது படங்கள். பணம் கையில் வரும். பாதி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் போகும், பாதி பெண்ணின் ஸ்கூல் பீஸுக்குப் போகும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தார் காலண்டருக்காக ஆறு படங்கள் கேட்டார்கள். ஆறுக்கும் சேர்த்து 72,000 ரூபாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பான் எண்ணும் பாங்க் கணக்கு எண்ணும் கேட்டபோது, "அவர் எண்ணையே போட்டுக்கோங்கோ" என்று என் கணவருடையதைக் கொடுத்துவிட்டேன். என் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் அதில் நூற்றுச் சொச்சம்தான் கிடந்தது, செக் புஸ்தகம் எங்கே என்றும் தெரியாது. வந்தது 64,800. மீதி 7,200-ஐ, அதாவது பத்து சதவிகிதத்தை, வரியாகப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். அதையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை. வந்தவரைக்கும் லாபம் என்று புடவை எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

என் கணவர் வழக்கம்போல ஆபீஸ் சம்பளத்தை மட்டும் காட்டி ரிட்டர்ன் போட்டிருந்தார். ஐப்பசி மாசம், தீபாவளி பட்சணம் கிளறிக் கொண்டிருக்கிறேன், அவர் செல்போனுக்கு வருமான வரி இலாகாவிடமிருந்து ஒரு செய்தி. நீங்கள் காட்டிய வருமானமும் எங்களுக்கு வந்த தகவலும் ஒத்துப் போகவில்லை, பார்த்துக் கொள்ளுங்கள் என்று. முப்பது வருஷமாக ஒரு ரூபாய் மறைக்காத மனுஷர். முகம் சுண்டிப் போயிற்று. எனக்குக் கை நடுங்கி லட்டு ஒன்றும் உருட்ட வரவில்லை.

நல்ல வேளையாக அடையாறில் இருக்கிற என் நாத்தனார் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிறாள். பஸ் பிடித்து ஓடினேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "இது உங்க வருமானம், மன்னி. அண்ணா தலையில ஏன் எழுதி வெச்சேள்?" என்றாள்.

விஷயம் இதுதான். அந்த 72,000 அவர் பெயரில் ஏறிவிட்டது. அவர் இருபது சதவிகித வரம்பில் இருந்தார். அதன்மேல் நாலு சதவிகித செஸ். ஆக 14,976 ரூபாய் வரி. ஏற்கெனவே பிடித்த 7,200 போக, இன்னும் 7,776 கட்ட வேண்டும். என் பெயரிலேயே வாங்கியிருந்தால்? எனக்கு வேறு வருமானம் இல்லை; வரியே கிடையாது. பிடித்த 7,200-ம் திரும்பி வந்திருக்கும்! அந்த நிறுவனத்தாரிடம் பெயர் மாற்றித் தரச் சொல்லி நாலு தரம் நடந்தேன். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று ஆயிற்று. கெடு தாண்டிவிடுமே என்று அவர் திருத்திய ரிட்டர்ன் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அன்றைக்கே நாத்தனார் ஒரு நீள நோட்டை என் கையில் திணித்தாள். "பால் கணக்கு எழுதற மாதிரி எழுதுங்கோ, போதும்" என்றாள். இடது பக்கம் வரவு: தேதி, யாரிடமிருந்து, எந்தப் படத்துக்கு, ரொக்கமா பாங்கா, வரி பிடித்தார்களா. வலது பக்கம் செலவு: தேதி, என்ன சாமான், எந்தக் கடை, பில் உண்டா. அவ்வளவேதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்: வீட்டுச் செலவு இதில் நுழையக் கூடாது, படப் பணம் வீட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது. அதற்காக என் பழைய பாங்க் கணக்கைத் தூசி தட்டிப் புதுப்பித்தேன். இப்போது ஆர்டர் கொடுப்பவர்கள் செல்போனில் அனுப்பும் பணமும் அதில்தான் விழுகிறது. வீட்டுக்கு வேண்டுமானால் அதிலிருந்து எடுத்து, "வீட்டுக்கு எடுத்தது" என்று ஒரு வரி எழுதிவிடுவேன்.

நோட்டு எழுத ஆரம்பித்த மூன்றாம் மாசம் இன்னொரு அதிர்ச்சி. பன்னிரண்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன், 4,500 ரூபாய்க்குக் கொடுத்தது. செலவைக் கூட்டினேன். பலகை, துணி, மக்குக்குச் சுண்ணாம்புத் தூள், கோந்து எல்லாம் 250. தங்க ரேக் 1,400. ஜெய்ப்பூர் கற்கள் 300. வர்ணமும் தூரிகைத் தேய்மானமும் 150. தி.நகரில் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட 1,100. கண்ணாடி உடையாமல் கொண்டுவர ஆட்டோ 200. மொத்தம் 3,400! பதினொரு மத்தியானம் முதுகு ஒடிய உட்கார்ந்ததற்கு எனக்கு மிஞ்சியது 1,100. நாளைக்கு நூறு ரூபாய். "நாலாயிரத்து ஐநூறா, ஜாஸ்தியா இருக்கே மாமி" என்று பேரம் பேசியவருக்கு முந்நூறு குறைத்துக் கொடுத்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் எண்ணூறு ரூபாய்க்காகவா இந்தப் பாடுபட்டேன்? தங்கம் விலை ஏற ஏற, நான் பழைய விலையையே சொல்லிக் கொண்டிருந்திருக்கிறேன். இப்போது சட்டத்தையும் ஆட்டோவையும் தனியாகச் சொல்லி வாங்குகிறேன். ஒருவர் கூட மறுக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பில்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காலத்து மெஷின் பில்லில் மை ஆறு மாசத்தில் பறந்துவிடுகிறது. வாங்கிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, மாசத்துக்கு ஒரு உறையில் போடுகிறேன். ஏழெட்டு வருஷம் பரணில் கிடக்கட்டும் என்று நாத்தனார் உத்தரவு. வருஷம் என்றால் சித்திரை ஒன்றாம் தேதியிலிருந்து அல்ல. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை.

இனி வரி சமாசாரம். பயப்பட வேண்டாம், நானே புரிந்து கொண்டுவிட்டேன் என்றால் பாருங்கள்.

முதலில் உங்கள் பெயரில் பான் எண் வேண்டும். ஆதாரும் அதோடு இணைந்த செல்போனும் இருந்தால், வருமான வரி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பான் கொடுக்காவிட்டால் பத்துக்குப் பதில் இருபது சதவிகிதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல், தொழில்முறைக் கட்டணமாக ஒரே இடத்திலிருந்து வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால்தான் இப்படிப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் 30,000-ஆக இருந்தது. டெபாசிட் வட்டியில் பிடிக்காதீர்கள் என்று பாங்கில் ஒரு படிவம் கொடுப்போமே, அது இதற்குச் செல்லாது. பிடித்தது பிடித்ததுதான்; ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். "எனக்குத்தான் வரியே இல்லையே, எதற்கு ரிட்டர்ன்?" என்று இருந்துவிட்டால் அந்தப் பணம் அங்கேயேதான் கிடக்கும்.

எவ்வளவு வரை வரி இல்லை? 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. தள்ளுபடியையும் சேர்த்தால் 12 லட்சம் வருமானம் வரை கட்ட வேண்டியதில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் இதற்குள்தான். 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்கள் மாறிவிட்டதால் பழைய புஸ்தகத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

பில் வைத்துச் செலவைக் கழிப்பது ஒரு வழி. இன்னொன்று, மொத்த வரவில் இத்தனை பங்கு லாபம் என்று ஒப்புக் கொண்டுவிடுவது. என்னைப் போலப் படம் செய்து விற்பது வியாபாரம். பாங்க் மூலம் வந்ததில் குறைந்தது 6 சதவிகிதம், ரொக்கத்தில் 8 சதவிகிதம் லாபமாகக் காட்டலாம். சினிமாவுக்குப் பாடுகிறவர், பாட்டு எழுதுகிறவர், உடை அமைக்கிறவர் எல்லாம் சட்டத்தில் தனி வகை; அவர்கள் பாதி வரவை லாபமாகக் காட்ட வேண்டும். நீங்கள் எதில் சேர்த்தி என்பதை மட்டும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

பாட்டு டீச்சராக இருக்கிற என் சிநேகிதி, "கச்சேரிக்குக் கட்டுகிற பட்டுப் புடவையைச் செலவில் எழுதலாமா?" என்று ஆவலாகக் கேட்டாள். நாத்தனார் சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்கும் கட்டிக் கொள்கிற புடவை சொந்தச் செலவு. மேடைக்கென்றே தைக்கிற நாட்டிய உடை தொழில் செலவு. தம்புராத் தந்தி, கச்சேரிக்குப் போன ஆட்டோ, பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்தது எல்லாம் எழுதலாம். சபாவில் மொத்தத் தொகையும் பாடகி கையில் வந்து, அவர் பிரித்துக் கொடுக்கிற வழக்கம் இருந்தால், கொடுத்ததை எழுதி வைக்காவிட்டால் முழுதும் அவர் வருமானமாகத்தானே தெரியும்?

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தையின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பது சட்டம். ஆனால் பதினெட்டு வயதாகாத குழந்தை தன் சொந்தத் திறமையால் ஆடியோ பாடியோ சம்பாதித்தது சேராது. அது குழந்தைக்கே உரியது. அதை டெபாசிட் செய்து வரும் வட்டி மட்டும் பெற்றோர் பக்கம் வந்துவிடும்.

கலைஞர்களுக்கு இந்தத் தொல்லை எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. அயர்லாந்தில் 1969 முதல் எழுத்தாளர், ஓவியர், சிற்பி, இசையமைப்பாளருக்குச் சொந்தப் படைப்பின் வருமானத்தில் விலக்கு தருகிறார்கள். இப்போது வருஷத்துக்கு 50,000 யூரோ வரை. மெக்ஸிகோவில் இன்னும் வேடிக்கை. 1957 முதல் ஓவியர்கள் வரியைப் பணமாகக் கட்டாமல் படமாகவே கொடுக்கலாம்! நுங்கம்பாக்கம் ஆயகர் பவனில் அந்த வசதி இருந்தால் ஒரு நவநீத கிருஷ்ணனைத் தூக்கிக் கொண்டு போயிருப்பேன். ஏன், நம் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்ததே, பாத்திக் துணி முதலிய கைவேலைகளை விற்ற பணத்தில்தான். ஓவியம் வரைந்து சாப்பிட முடியாதென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

போன வருஷம் வேறொரு கம்பெனி பண்டிகைப் பரிசுக்காகப் படங்கள் வாங்கியது. என் பான், என் கணக்கு. 6,000 ரூபாய் பிடித்திருந்தார்கள். நாத்தனார் பக்கத்தில் உட்கார, நானே தட்டித் தட்டி ரிட்டர்ன் போட்டேன். ஒரு மாசத்தில் அந்த 6,000-ம் என் கணக்கில் வந்து விழுந்தது. என் கணவரிடம் செல்போனைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக் கொண்டு இரண்டு தரம் படித்தார். "அப்போ அந்த 7,776-ஐ எப்போ தரப் போறே?" என்றார்.

கொடுத்துவிட்டேன். நோட்டில் வலது பக்கம் எழுதவில்லை. அது வீட்டுக் கணக்காம், நாத்தனார் சொல்லிவிட்டாள்.