பத்து மணிநேர ரயில் தூரத்தில் ஒரு கணினி: தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைவது எப்படி?

கொழும்பு கோட்டையில் ஏறினால் ஹாலிஎல வந்து சேர ஏறக்குறைய பத்து மணிநேரம் ஆகும். பதுளைக்கு முந்திய ரயில் நிலையம் அது. உயர்தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் வேலை தேடி இந்த வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறார்கள். ஆனால், ஊரை விட்டுப் போகாமலேயே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. இணையத்தளங்களை இயக்கும் சேர்வர் கணினிகளைப் பராமரிப்பது அவற்றில் ஒன்று. சேர்வர் கொழும்பில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் லயன் வீட்டிலுள்ள மடிக்கணினியிலிருந்து அதற்குள் நுழைந்து வேலை பார்க்கலாம்.

இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. வேலை கொடுப்பவர் தன் வீட்டுச் சாவியையே நம்மிடம் தருகிறார். அந்தச் சாவி வேறொருவர் கைக்குப் போனால் நமது வேலை மட்டுமல்ல, அந்தக் கணினியில் தகவல் வைத்திருக்கும் எல்லோரும் பாதிக்கப்படுவார்கள்.

பூட்டு வந்த கதை

முன்பு தொலைவிலிருந்து உள்நுழைய டெல்நெட் போன்ற மென்பொருட்களே இருந்தன. அவற்றில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே வலையமைப்பில் போகும். 1995ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு யுலொனென் அதற்குத் தீர்வாக எழுதியதே எஸ்எஸ்எச். இதில் இரு கணினிகளுக்கும் இடையே போவது எல்லாம் சங்கேதமாக மாற்றப்படுகிறது.

அந்த மென்பொருள் பின்னர் வணிகப் பொருளானது. 1999இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓபன்எஸ்எஸ்எச்சை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது இதுதான்.

எந்தக் கணினியில் எப்படி?

வெளியே இன்னொரு கணினிக்குள் நுழைவதற்கான பகுதி லினக்ஸ், மெக், விண்டோஸ் மூன்றிலும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். மற்றவர்கள் நமது கணினிக்குள் நுழைய வேண்டுமென்றால்தான் சேர்வர் பகுதி தேவை. தேவையில்லாதவர்கள் அதை இயக்காமல் விடுவதே நல்லது.

லினக்ஸில் அந்தந்த விநியோகத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து சேர்வர் பொதியை நிறுவலாம். மெக் கணினியில் அமைப்புகளில் பகிர்வுப் பகுதிக்குப் போய் 'ரிமோட் லொகின்' என்பதை இயக்கினால் போதும். விண்டோஸில் 2018 முதல் இது விருப்பத் தெரிவாகக் கிடைக்கிறது. 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் தெரிவுசெய்து நிறுவிய பின், சேவைகள் பட்டியலில் அதைத் தொடக்கிவிட வேண்டும். கணினி இல்லாதவர்கள் அண்ட்ரொய்ட் தொலைபேசியில் டெர்மக்ஸ் செயலி மூலமும் பயன்படுத்தலாம்.

கடவுச்சொல் வேண்டாம், திறவுகோல் போதும்

இணையத்தில் இருக்கும் எந்த சேர்வரின் 22ஆம் இலக்க வாயிலையும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டி, கடவுச்சொற்களை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எனவே கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு திறவுகோல் சோடியை உருவாக்க வேண்டும். அதில் ஒன்று இரகசியமானது. அது நமது கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. மற்றது பொதுத் திறவுகோல். அதை சேர்வரில் வைக்க வேண்டும். விண்டோஸில் நிர்வாகி கணக்குகளின் பொதுத் திறவுகோலுக்குத் தனிக் கோப்பு உண்டு. இது தெரியாமல் பலர் மணிக்கணக்கில் அலைக்கழிகிறார்கள்.

திறவுகோல் வேலை செய்கிறது என்று உறுதியானதும், அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் மூலம் நுழைவதையும் 'ரூட்' கணக்கில் நேரடியாக நுழைவதையும் நிறுத்திவிட வேண்டும். அப்போது திறந்திருக்கும் இணைப்பை உடனே மூட வேண்டாம். இன்னொரு சாளரத்தில் நுழைந்து பார்த்த பிறகே மூடுங்கள். இல்லாவிட்டால் பத்து மணிநேர ரயில் பயணம் உண்மையிலேயே தேவைப்படலாம்.

ஒரே தொலைபேசியையோ மடிக்கணினியையோ வீட்டில் பலர் பாவிக்கும் இடத்தில், இரகசியத் திறவுகோலுக்கும் தனியாக ஒரு கடவுத்தொடர் வைப்பது அவசியம். கொமியூனிகேஷன் கடைக் கணினியில் அதை ஒருபோதும் வைக்கக்கூடாது.

ஒரே மென்பொருள், வெவ்வேறு ஆபத்து

ஓபன்எஸ்எஸ்எச் முதலில் ஓபன்பிஎஸ்டிக்காகவே எழுதப்படுகிறது. மற்ற இயங்குதளங்களுக்கு ஏற்ற பதிப்பு பின்னர் தனியாகத் தயாராகிறது. அதன்மேல் லினக்ஸ் விநியோகங்கள் தமது மாற்றங்களையும் சேர்க்கின்றன. 2024இல் நடந்த இரண்டு சம்பவங்கள் இதன் முக்கியத்துவத்தைக் காட்டின.

மார்ச் மாதம், எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு இரகசியக் கதவொன்றை வைத்திருந்தது தெரியவந்தது. ஓபன்எஸ்எஸ்எச் அதை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் சேர்த்த மாற்றத்தின் வழியாகவே அது உள்ளே வந்தது. உள்நுழைய வழமையைவிட அரை விநாடி அளவு கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற பொறியியலாளரே அதைக் கண்டுபிடித்தார். ஜூலையில் வெளியான மற்றொரு குறைபாடு லினக்ஸ் கணினிகளைப் பாதித்தது. ஓபன்பிஎஸ்டியை அது பாதிக்கவில்லை. 9.8 பதிப்பில் அது திருத்தப்பட்டது.

ஆகவே மூல நிரலை இறக்கி நாமே தொகுப்பது பெருமைக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அப்படிச் செய்தவர் ஒவ்வொரு திருத்தத்தையும் தானே கவனித்து மீண்டும் தொகுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு விநியோகம் தரும் பொதியை நிறுவி, இற்றைப்படுத்தல்களை உடனுக்குடன் ஏற்பதே பாதுகாப்பானது.

இற்றைப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்மென்ட் கிளவுட் மீது கப்பம் கோரும் தாக்குதல் நடந்தது. அது எஸ்எஸ்எச் வழியாக நடந்ததாகச் சொல்லப்படவில்லை. ஆனால் அங்கிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின.

கொழும்பில் பெரிய நிறுவனங்களே தவறவிட்ட இந்தக் காரியங்களை ஹாலிஎலயிலிருந்து ஒருவர் ஒழுங்காகச் செய்யலாம். மென்பொருள் இலவசம். திறவுகோலைப் பத்திரமாக வைத்திருப்பதும், திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் நிறுவுவதும், தரவுகளின் பிரதியொன்றை வேறிடத்தில் வைப்பதும்தான் வேலை. தூரத்திலிருக்கும் ஒருவரை நம்பி சேர்வரை ஒப்படைக்க நிறுவனங்கள் தயங்கும்போது, அந்தத் தயக்கத்தைப் போக்குவது இந்தப் பழக்கங்கள்தான்.