கடுதாசித் துண்டு

எழுதிக் கொடுத்த வாக்குக்கு மதிப்பு எதுவரை? 1839 ஆம் ஆண்டு இலண்டன் ஒப்பந்தத்தில் பிரித்தானியா, பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரசியா, ருஷியா என்னும் ஐந்து வல்லரசுகள் பெல்ஜியத்தின் நடுநிலைமைக்குப் பிணை நின்றன. 1914 ஆகஸ்ட் 2 இல், பிரசியாவின் வழிவந்த ஜேர்மனி, பிரான்சைத் தாக்கத் தன் படைக்கு வழிவிடுமாறு கேட்டு, பன்னிரண்டு மணி நேரத் தவணை கொடுத்தது. பெல்ஜியம் மறுத்தது. ஆகஸ்ட் 4 இல் படைகள் எல்லையைக் கடந்தன.

அன்றே ஜேர்மன் முதலமைச்சர் பெத்மன் ஹோல்வெக், இது சர்வதேசச் சட்டத்துக்கு மாறானதெனத் தம் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மாலையிலோ, பிரித்தானியத் தூதுவரிடம் அவ்வொப்பந்தத்தை வெறுங் கடுதாசித் துண்டு என்றார். அறியாமற் செய்த பிழையன்று இது. அறிந்தே செய்த பிழை.

வழிவிட்டிருந்தால் பெல்ஜியம் பிழைத்திருக்கும் என்பாருமுளர். ஒரு பக்கத்தார்க்கு வழிவிடுவதும் நடுநிலை பிறழ்தலேயன்றோ? நடுநிலையைக் காக்க ஆயுதமேந்தி எதிர்ப்பது பகைச்செயலாகாது என்பது 1907 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் விதி. ஆதலின் பெல்ஜியம் போரிட்டே நடுநிலை காத்தது.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆகஸ்ட் 25 இரவு ஜேர்மன் படையினர் இட்ட தீயில் லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. வேர்சேல்ஸ் உடன்படிக்கையின் 247 ஆம் உறுப்புரை ஈடாக நூல்கள் வழங்கப் பணித்தது. அச்சு நூல்கள் திரும்பி வந்தன; வேறு பிரதியில்லாக் கையெழுத்துச் சுவடிகள் எங்ஙனம் வரும்? ஓர் ஏட்டைக் கடுதாசித் துண்டென மதித்தவர் கையில் மற்றை ஏடுகளும் சாம்பலாயின.