பழைய கார் ரேடியோவில் சத்தம் எழும்பாவிட்டால்...

பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களைத் திருத்தி விற்கும் வியாபாரிகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். காருடன் வந்த அசல் ரேடியோ பாடினால் வாங்குபவருக்கு அதில் தனி விருப்பம். ஆனால் பல ரேடியோக்கள் பாடும், சத்தம் மட்டும் எழும்பாது. உடனே 'டிரான்சிஸ்டர் போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இலகுவில் கிடைக்காது. தேடிப் பிடித்துப் பொருத்திய பிறகும் சத்தம் வராவிட்டால் காசும் போகும், வாடிக்கையாளரும் போவார். செலவில்லாத சோதனையில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பெட்டியைத் திறக்க முன்

முதலில் எர்த்தைப் பாருங்கள். டைனமோ காலத்து மொரிஸ் மைனரில் பற்றரியின் நேர் முனையே கார் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கார்களில் அது எதிர் முனை. ரேடியோ எந்த எர்த்துக்கு உரியது என்று பார்க்காமல் கொடுத்தால், சின்னக் குறை பெரிய நட்டமாகிவிடும். அடுத்து, ரேடியோ ஓடும்போதே அதற்கு வரும் வோல்ட்டை அளவுங்கள். பற்றரியில் 12 இருந்து ரேடியோவில் 9 வந்தால், குறை பியூஸ் பிடியிலோ, வயரிலோ, துருப்பிடித்த எர்த்திலோதான்.

பிறகு ஸ்பீக்கர். ரேடியோவுக்கு உரிய ஓம் அளவுள்ள வேறொரு நல்ல ஸ்பீக்கரைப் பொருத்திப் பாருங்கள். அளவு கூடினால் சத்தம் குறையும்; மிகவும் குறைந்தால் டிரான்சிஸ்டர் சூடேறும். ஸ்பீக்கர் இல்லாமல் ரேடியோவை ஒருபோதும் போட வேண்டாம்.

குறை எந்தப் பாதியில்?

இதற்கு ஓர் இலகுவான வழி உண்டு. வால்வு இல்லாத, முழு டிரான்சிஸ்டர் ரேடியோதான் என்று உறுதி செய்த பின், கடை மேசையில் வைத்து சத்தத்தை முழுதாகக் கூட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் விரல் படப் பிடித்து, சத்தம் கூட்டும் கட்டுப்பாட்டின் நடு முனையைத் தொடுங்கள். ஸ்பீக்கரில் பலமாக இரைந்தால் பின்பாதி நலம். குறை அன்டெனா பக்கத்தில் இருக்கிறது. இரைச்சல் மெலிந்தால் குறை பின்பாதியில்.

முன்பாதி என்றால், அன்டெனா டிரிம்மரை முதலில் சரிசெய்யுங்கள். 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிந்த நிலையம் ஒன்றைப் பிடித்து, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை திருப்ப வேண்டும். காரின் அன்டெனாவுடனேயே இதைச் செய்ய வேண்டும். 1960களின் பிரித்தானிய, ஐரோப்பிய ரேடியோக்கள் பலவற்றில் ஏஎப் 114 முதல் 117 வரையான டிரான்சிஸ்டர்கள் இருக்கும். இவற்றின் கூட்டினுள் மெல்லிய தகர இழைகள் வளர்ந்து ஷோர்ட் ஆவது பேர்போன குறை.

பின்பாதி என்றால், முதல் சந்தேகம் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மீதே. பல வருடங்களில் இவை உள்ளே காய்ந்து கொள்ளளவை இழக்கின்றன. ரேடியோவை நிறுத்தி, அதே அளவும் அதே வோல்ட்டும் உள்ள புதியதை, முனை மாறாமல் பழையதற்குப் பக்கமாக இணைத்துப் பாருங்கள். சத்தம் எழும்பினால் குறை பிடிபட்டது. அந்தப் பொருளின் விலையோ மிகச் சொற்பம்.

டிரான்சிஸ்டர் கடைசியில்தான்

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வெளியீட்டு டிரான்சிஸ்டரைத் தொடுங்கள். ஜெர்மேனியத்துக்குச் சுமார் 0.2 முதல் 0.3 வோல்ட் போதும். சிலிக்கனுக்கு 0.6 முதல் 0.7 வரை தேவை. எனவே சுற்றை மாற்றாமல் சிலிக்கனைப் பொருத்தினால் சத்தம் மெலிந்து கரகரக்கும். கழற்றும்போது அடியிலுள்ள மைக்காத் தகட்டையும் தொலைத்துவிடாதீர்கள்.

வாடிக்கையாளரிடம் சோதனைக் கூலியை முதலிலேயே சொல்லுங்கள். குறை எது என்று கண்டறிந்த பிறகே திருத்தும் செலவைச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளை அவர் கையில் கொடுங்கள். சில ரூபா கெப்பாசிட்டரில் முடிந்த வேலைக்கு டிரான்சிஸ்டர் விலை கேட்காத கடை என்ற பெயர், எந்த விளம்பரத்தைவிடவும் ஆட்களைக் கூட்டி வரும்.