முதுகெலும்புத் தொற்றுக்கு அறுவை சிகிச்சை ஏன்?

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்குப் பெரியவர்களில் நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. கிருமி அங்கே குடியேறினால் ஆன்டிபயாடிக் மருந்து எளிதில் எட்டாது. ஆனாலும் பலருக்குச் சுமார் 6 வார மருந்திலேயே குணமாகிவிடுகிறது. மருந்துக்கு அடங்காதபோதும், சீழ் தண்டுவடத்தை அழுத்திக் கால் பலவீனமாகும்போதும், எலும்பு அரித்துக் கூன் விழும்போதும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

முதலில் சீழையும் செத்த எலும்பையும், ரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை சுரண்டி எடுக்கிறார்கள். அந்தத் திசுவைப் பரிசோதித்து எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறிகிறார்கள். இடைவெளியில் இடுப்பெலும்புத் துண்டையோ டைட்டானியக் கூண்டையோ பொருத்தி, திருகுகளாலும் கம்பிகளாலும் இறுக்குகிறார்கள். அசைவு நின்றால் எலும்புகள் ஒட்டும், வலியும் குறையும். முதுகெலும்புக் காசநோய்க்கு, சுரண்டி எடுத்து எலும்பை ஒட்டவைக்கும் முறையை ஹாங்காங்கில் ஹாட்சனும் ஸ்டாக்கும் 1956இல் விவரித்தார்கள். எஞ்சிய கிருமிகளை அழிக்க, அறுவைக்குப் பிறகும் மருந்து தொடர வேண்டும்.