அடிச்சது யாரு சார்?

29சி பஸ்ஸில் லஸ் கார்னரில் ஏறி அடையாறில் இறங்குவதற்குள் உலகத்து அநியாயங்கள் அத்தனைக்கும் தீர்ப்பு எழுதிவிடலாம். ஒற்றைக் கையில் கம்பியும் மறு கையில் டிபன் பாக்ஸ் பையுமாகத் தொங்கிக்கொண்டே அமெரிக்காவைக் கிழிகிழியென்று கிழிக்கிற ஆசாமிகள் உண்டு. 'இந்த ஐ.நா. சபையை இழுத்து மூடிட்டுப் போலாம் சார்... எதுக்கு தண்டச் சம்பளம்!' என்று ஆர்டர் போடுகிற ஆசாமிகளும் உண்டு.

கோபம் நல்ல விஷயம்தான். உடம்பில் சொரணை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால், நம்ம கோபத்துக்கு ஒரு விசித்திர குணம். அடிபட்டது யார், எவ்வளவு அடி என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், அது முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு கேள்வி கேட்கும்: 'அடிச்சது யாரு சார்?' அதற்குப் பதில் வந்த பிறகுதான் ரத்தம் கொதிக்கலாமா, வேண்டாமா என்பதே முடிவாகிறது.

சும்மா சொல்லவில்லை. கணக்கு இருக்கிறது.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுத் தள்ளியது. 'எங்களைத் தாக்கினார்கள், திருப்பிச் சுட்டோம்' என்பது வழக்கமான விளக்கம். 'சிலரை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள்' என்று தப்பி வந்தவர் சொன்னார். செத்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். கூலி ஆட்கள். நிறைய பேர் மலைவாழ் மக்கள்.

சென்னை கொதித்தது. கட்சிகள், மாணவர்கள், வக்கீல்கள் எல்லோரும் ரோட்டுக்கு வந்தார்கள். இரண்டு மாநிலத்துக்கும் இடையே பஸ் போக்குவரத்தே தடைபட்டது. தி.நகரில் ஆந்திரா மீல்ஸ் சாப்பிடப் போனவர்கள்கூட கோங்குராவை இரண்டாம் தடவை கேட்கக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்! நியாயமான கோபம். இருபது உயிர் என்றால் சும்மாவா?

இப்போது கேலண்டரை 23 வருஷம் பின்னால் திருப்புங்கள். அதே தருமபுரி மாவட்டம். சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு ஊர். அதே மலைவாழ் மக்கள். குற்றச்சாட்டும் கிட்டத்தட்ட அதேதான். செம்மரத்துக்குப் பதில் சந்தன மரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று மூன்று துறைகளின் பட்டாளம் ஊருக்குள் இறங்கியது. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். குடிக்கிற கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. பல நாள் அந்த ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை.

சென்னையில் என்ன நடந்தது? சரியாக ஏழாம் நாள் ரஜினியின் 'அண்ணாமலை' ரிலீஸ் ஆனது. தியேட்டர் வாசலில் கட்அவுட், பால், பட்டாசு. சினிமா பார்ப்பது பாவமில்லை. விஷயம் சென்னைக்கு வந்து சேரவே நாளாயிற்று என்பதும் உண்மை. ஆனால், வந்து சேர்ந்த பிறகும் மயிலாப்பூர் மாடவீதி தன் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசாங்கம் மறுத்தது. நாமும் நிம்மதியாக நம்பிவிட்டோம். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மாதர் சங்கத்தாரும் விடாமல் கோர்ட் படி ஏறினார்கள். ஹைகோர்ட் உத்தரவில் 1995ல் கேஸ் சி.பி.ஐ. கைக்குப் போயிற்று.

தீர்ப்பு எப்போது தெரியுமா? 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம்! குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போய்விட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி கோர்ட். ஒருத்தர்கூடத் தப்பவில்லை. அவர்கள் அப்பீலுக்குப் போனார்கள். ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2023 செப்டம்பர் 29ல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரவேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூல் செய்யவேண்டும் என்றார். அன்றைக்கு 29சியில் இந்தப் பேச்சு பெரிதாக அடிபட்டதாகத் தெரியவில்லை.

அதே மலை, அதே ஜனம், அதே கோடாலி. ஆந்திர போலீஸ் சுட்டால் அவன் 'தமிழன்'. நம்ம வனத்துறை அடித்தால் அவன் 'மரம் கடத்துறவன்'.

சரி, அடித்தவன் அந்நியனாக இருந்தால் போதுமா, கோபம் வந்துவிடுமா? அதுவும் இல்லை.

2009ல் இலங்கை ராணுவத்தின் பேரைக் கேட்டாலே இந்த ஊர் கொதித்தது. ஜனவரி 29ல் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்தார். 2013ல் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார, காலேஜ் காலேஜாகப் பற்றிக்கொண்டது. அதே ராணுவத்து ஆட்கள் ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஹைட்டிக்கு 'அமைதி காக்க'ப் போன கதை எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே குழந்தைகளைச் சீரழித்த புகாரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை 2007ல் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை என்று 2017ல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. அடித்தது நமக்கு ஆகாத அதே ராணுவம்தான். ஆனால், அடிபட்டது ஹைட்டிப் பிள்ளைகள். 'ஹைட்டி எங்கே சார் இருக்கு?' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொன்னால் சிலருக்குக் கசக்கும். 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த கெடு இரண்டே மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாம் விட்டுவிட்டு நடந்தார்கள். அவர்கள் பேசியதும் தமிழ்தான். விரட்டியது சிங்கள ராணுவம் இல்லை, விடுதலைப் புலிகள். இதற்காக தி.நகரில் ஒரு கடை ஷட்டர் இறங்கியிருக்குமா?

சர்க்கார்கள் இந்த வித்தையில் நமக்கெல்லாம் குரு. போர் முடிந்து பத்தே நாளில், 2009 மே மாதம், ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சில் இலங்கையைத் தட்டிக்கொடுத்து ஒரு தீர்மானம் போட்டது. இந்தியா ஆதரவு. 2012ல் அதே இடத்தில் இலங்கையைக் குட்டி ஒரு தீர்மானம். அதற்கும் இந்தியா ஆதரவு! 2014ல் ஓட்டே போடாமல் ஒதுங்கிக்கொண்டது. வன்னியில் ஜனங்களைக் காப்பாற்றத் தவறிவிட்டோம் என்று ஐ.நா.வின் உள் அறிக்கையே ஒப்புக்கொண்டது 2012 நவம்பரில். அதற்குள் எல்லாம் முடிந்து மூன்றரை வருஷம்.

சர்க்காருக்கு ராஜதந்திரம், சீனா, துறைமுகம் என்று ஆயிரம் கணக்கு. பஸ்ஸில் தொங்குகிற நமக்கு என்ன கணக்கு?

பயம்தான் சார். மேடையேறிப் பேசி உள்ளே போனவர்கள் கதை வேறு. பஸ்ஸில் நின்றுகொண்டு ராஜபக்ஷேவைத் திட்டினால் கொழும்பிலிருந்து யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. உள்ளூர் இன்ஸ்பெக்டரைத் திட்டினால் தட்டுவார். தாசில்தார் ஆபீஸை முறைத்துக்கொண்டால் நாளைக்கு வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு அங்கேதான் போய் நிற்கவேண்டும். தூரத்துக் கோபம் இலவசம். பக்கத்துக் கோபத்துக்கு விலை உண்டு. மாசக் கடைசியில் அந்த விலை கொடுக்க யாரிடம் இருக்கிறது? இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில் நடக்கும்போது?

ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை. மந்தைவெளியிலிருந்து நடந்தே போய்விடலாம். 2022ல் ஆக்கிரமிப்பு என்று சொல்லி, சுப்ரீம் கோர்ட் உத்தரவைக் காட்டி, 250க்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க ஜே.சி.பி. வந்தது. பல காலமாக அங்கேயே குடியிருந்த ஜனங்கள். மாற்று இடம் என்று காட்டியது ஊருக்கு வெளியே பெரும்பாக்கம். மே 8ம் தேதி, இடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் தீக்குளித்தார், பிறகு இறந்துபோனார். அப்புறம்தான் இடிப்பை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்துக்கு 10 லட்சம், மற்றவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கமே வீடு என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார்.

உக்ரைனில் ரஷ்யா குண்டு போட்டு அடுக்குமாடிகளை இடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஆபீஸ் கேன்டீனில் தினமும் புடின்தான் சப்ஜெக்ட். 'வீடு வாசலை இழந்து நிக்கறாங்க, பாவம்... மனுஷனா சார் அவன்?' என்று டீ ஆறுகிற வரைக்கும் பேச்சு. கோவிந்தசாமி நகரின் பேச்சை யாராவது எடுத்தால், உடனே ஒரு குரல் குறுக்கே வரும்:

"அதெல்லாம் ஆக்கிரமிப்பு சார். நீங்க வேற... எங்க வீட்ல வேலைக்காரம்மா மூணு நாளா வரலை. அவங்களும் அந்த ஏரியாதானாம்!"